வாடகைக் காரில் சிகரெட் பிடிக்கலாமா?

"வாடகை கொடுப்பது நான். டீசலுக்குப் பணம் கொடுப்பது நான். டிரைவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பதும் நான். அப்படியிருக்க, காருக்குள் ஒரு சிகரெட் பற்றவைக்க நான் யாரைக் கேட்க வேண்டும்?"

இப்படிக் கேட்கிற ஒரு பெரியப்பாவோ, மாமாவோ, புது மாப்பிள்ளையோ நம்மில் பலருடைய குடும்பத்தில் இருக்கத்தான் செய்கிறார். கேள்வி நியாயமாகவே தோன்றுகிறது. கேட்கிற தோரணையைப் பார்த்தால் பதில் சொல்ல யாருக்கும் தைரியம் வருவதில்லை. பின் ஸீட்டில் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். குழந்தை இருமுகிறது. டிரைவரோ ஒன்றும் பேசாமல் தம் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாலையைப் பார்க்கிறார்.

பெரியப்பாவுக்குப் பதில் உண்டா? உண்டு. சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அது ஒரே பக்கத்தில் இல்லை. நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பொறுக்கி எடுத்துப் பார்ப்போம், வாருங்கள்.

தீப்பெட்டி பிறந்த சீமை

இந்தக் கேள்வியை எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைக்குப் போகும் சாலையில் ஒரு வாடகைக் காருக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்டால், அதற்குத் தனி ருசி உண்டு. தனிப் பயமும் உண்டு.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். சிகரெட்டுக்கும் பீடிக்கும் நெருப்புக் கொடுத்த ஊர் அது. அப்படிப்பட்ட சீமையிலே, ஒரு பட்டாசு ஆலையின் வாசலில் போய் நில்லுங்கள். முதலில் உங்கள் சட்டைப் பையிலிருக்கும் தீப்பெட்டியைத்தான் கேட்பார்கள். வெடிபொருள் விதிகளின்படி அங்கே புகை பிடிப்பதும் நெருப்புக் கொண்டுபோவதும் கூடாது. ஊருக்கெல்லாம் தீக்குச்சி அனுப்பும் சீமையில், ஒரு தீக்குச்சிக்கு இடமில்லாத வாசல்கள் அத்தனை!

புகை பிடிக்கும் ஆசை மட்டும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறையினர் 2022-ஆம் ஆண்டு தொடங்கி அகழாய்வு நடத்தினார்கள். சங்கு வளையல்கள், பாசிமணிகள், சுடுமண் பொம்மைகள் இவற்றோடு சுடுமண்ணால் செய்த புகைபிடிப்பான் குழாயும் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தது. ஆனால் அந்தக் குழாயை வைத்திருந்தவர் கண்ணாடி மூடிய மோட்டாருக்குள் நாலு பேரை உட்காரவைத்துக்கொண்டு புகைக்கவில்லை. அந்த சௌகரியம் நம் காலத்துக்குத்தான் கிடைத்தது!

"ஆட்சேபம் உண்டா?"

நெடுங்காலம் நம் நாட்டில் இந்த விஷயம் தாட்சண்யத்தின் கையில்தான் இருந்தது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தைப் பாருங்கள். அதன் 167-ஆம் பிரிவு, ஒரு பெட்டியில் உடன் வரும் பிரயாணி ஆட்சேபித்தால் அங்கே புகை பிடிக்கக் கூடாது என்றது. ரயில்வே நிர்வாகம் தானாகவே தடை போடவும் அதிகாரம் கொடுத்தது. ஆனாலும் முதலில் சொன்னது என்னவோ ஆட்சேபத்தைத்தான். அதாவது, மூச்சுத் திணறுகிறவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எதிரே மீசையை முறுக்கிக்கொண்டு ஓர் ஆசாமி உட்கார்ந்திருந்தால் யார் சொல்லுவார்கள்?

பிறகு கோர்ட்டுகள் குறுக்கிட்டன. 1999 ஜூலையில் கேரள ஹைகோர்ட் பொது இடத்தில் புகை பிடிப்பது சட்ட விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. 2001 நவம்பர் 2-ஆம் தேதி, முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூல் நிலையம், கோர்ட்டு, சர்க்கார் அலுவலகம் இவற்றோடு பொதுப் போக்குவரத்து வாகனங்களும் அந்த உத்தரவில் இடம் பெற்றன. புகை பிடிக்காதவன் பிறருடைய புகையைச் சுவாசிக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவது அவனுடைய உயிர் வாழும் உரிமைக்கு விரோதம் என்பதே அதன் சாரம்.

2003-இல் பார்லிமெண்ட், சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 4-ஆம் பிரிவு பொது இடத்தில் புகை பிடிப்பதைத் தடை செய்கிறது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். இந்தத் தடைக்கு விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தி அன்று, அமலுக்கு வந்தன. அப்போது மத்திய சுகாதார மந்திரியாக இருந்தவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த டாக்டர் அன்புமணி ராமதாஸ்.

அது முதல், புகை பிடிப்பவரிடம் யாரும் ஆட்சேபம் சொல்லத் தேவையில்லை. ஆட்சேபத்தைச் சட்டமே சொல்லிவிட்டது.

கார் பொது இடமா?

"அதெல்லாம் சரி. பஸ் பொது, ரயில் பொது. நான் பிடித்த கார் எப்படிப் பொது?" என்று பெரியப்பா கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான்.

2003-ஆம் ஆண்டுச் சட்டம் 'பொது இடம்' என்பதற்கு விளக்கம் கொடுக்கும்போது, உரிமையோடோ உரிமை இல்லாமலோ பொதுமக்கள் வந்துபோகக்கூடிய இடம் என்கிறது. அந்தப் பட்டியலில் 'பொது வாகனங்கள்' என்றும் சேர்த்திருக்கிறது. 'வாடகைக் கார்' என்று பேர் சொல்லி எழுதவில்லை. ஆகவே இன்னொரு புத்தகத்தைப் புரட்ட வேண்டும். அது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்.

அங்கே விஷயம் பளிச்சென்று இருக்கிறது. கூலிக்கோ வாடகைக்கோ பிரயாணிகளை ஏற்றிச் செல்வதற்குப் பயன்படுகிற, அல்லது அதற்கென்று அமைக்கப்பட்ட எந்த மோட்டார் வாகனமும் 'பொதுச் சேவை வாகனம்' ஆகும். டிரைவரைத் தவிர ஆறு பேருக்கு மிகாமல் ஏற்றும் டாக்ஸியும் அதில் அடக்கம். பன்னிரண்டு பேர் வரை ஏற்றும் வேனும் அடக்கம். இன்று நீங்கள், நேற்று வேறொருவர், நாளை மூன்றாமவர் என்று ஏறி இறங்குகிற வண்டி எப்படித் தனி இடமாகும்? ஒரு நாள் வாடகைக்கு எடுத்ததனால் ஹோட்டல் மேஜை நம்முடையதாகிவிடுகிறதா? இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படித்தால், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துத் தாங்கிய வாடகைக் கார் பொது வாகனமே என்பதில் சந்தேகம் கொள்ள இடமில்லை.

இன்னொரு வகை உண்டு. வெள்ளைப் பலகை போட்ட சொந்தக் காரையே, 'தெரிந்தவர்' என்ற பேரில் வாடகைக்கு ஓட்டுவார்கள். பெர்மிட் இல்லாமல் அப்படி ஓட்டுவதே தவறு. ஆனால் இங்கே மேற்படி சட்டத்தில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வாடகைக்குப் 'பயன்படுகிற' வாகனம் என்று அது சொல்கிறதே தவிர, எந்த நிறப் பலகை மாட்டிய வாகனம் என்று சொல்லவில்லை. பலகையின் நிறம் வெள்ளையாக இருப்பதால், உள்ளே விடும் புகை வெள்ளையாகிவிடாது!

கண்ணாடியை இறக்கிவிட்டால்?

'திறந்த வெளி' பொது இடம் ஆகாது என்று சட்டம் ஒரு விலக்குக் கொடுத்திருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடியை இறக்கிவிட்டேன், காற்று வருகிறது, ஆகவே திறந்த வெளி" என்று வாதிக்கிறவர்கள் உண்டு. 2008-ஆம் ஆண்டு விதிகள் இந்த வாதத்துக்கு இடம் கொடுக்கவில்லை. கூரையில்லாத ஸ்டேடியமும் பஸ் நிற்குமிடமும்கூட அந்த விலக்கில் சேராது என்று அவை சொல்கின்றன. மைதானத்துக்கே கிடைக்காத சலுகை, நாலு சக்கரத்தின்மேல் கூரை போட்ட ஒரு தகரப் பெட்டிக்குக் கிடைக்குமா?

விஞ்ஞானமும் கண்ணாடியை நம்பவில்லை. காரின் உட்புறம் மிகச் சிறிய இடம். கண்ணாடியை இறக்கினாலும் புகை முழுவதும் வெளியே போவதில்லை. ஓடும் வண்டியில் காற்று சுழன்று, அதில் ஒரு பகுதியைப் பின் ஸீட்டுக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. பின் ஸீட்டில் யார் உட்காருகிறார்கள்? பெண்களும் குழந்தைகளும்தானே? ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இந்தப் புகை அன்றைக்கே மூச்சிரைப்பைக் கொண்டுவந்துவிடலாம்.

விதிகளில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 'இங்கு புகை பிடிப்பது குற்றம்' என்ற பலகையை வைக்க வேண்டும். அதன் அளவு குறைந்தது 60 செ.மீ.-க்கு 30 செ.மீ. இருக்க வேண்டும் என்கிறது விதி. அதைக் காரின் முன் கண்ணாடியில் மாட்டினால் டிரைவருக்குச் சாலையே தெரியாது! அதனால்தான் பல வாடகைக் கார்களில் ஒரு சின்ன ஸ்டிக்கரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சாம்பல் தட்டு, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் அத்தகைய இடத்தில் வைத்துக் கொடுக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. பழைய கார்களில் சிகரெட் கொளுத்துவதற்கென்றே ஒரு துவாரம் இருக்கும், ஞாபகமிருக்கிறதா? அதில் பின்னாளில் செல்போனுக்கு மின்சாரம் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். காலம் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

அது அவருடைய ஆபீஸ்

பெரியப்பா கார் என்று நினைக்கும் இடத்தை டிரைவரின் கண்ணால் பாருங்கள். நமக்கு அது இரண்டு மணி நேரப் பிரயாணம். அவருக்கு அதுதான் ஆபீஸ். பல நாள் ராத்திரிகளில் அதுதான் படுக்கை. நாம் இறங்கிப் போனபின் அடுத்த சவாரிக்காரரின் புகை, அதற்கடுத்தவரின் புகை. குடும்பத்தில் யாரும் சிகரெட்டைத் தொடாத ஒரு டிரைவர், தம் சவாரிக்காரர்களின் சிகரெட்டையெல்லாம் சேர்த்துப் புகைத்துக்கொண்டிருக்கிறார்.

2008-ஆம் ஆண்டு விதிகள் 'பொது இடம்' என்பதில் வேலை செய்யும் இடத்தையும் சேர்த்திருக்கின்றன. அந்தக் கணக்கில் பார்த்தாலும் வாடகைக் கார் தப்பாது. அது ஒருவருடைய வேலைத் தலம். அதோடு, ஓர் இடத்தின் சொந்தக்காரரோ அதைப் பொறுப்பில் வைத்திருப்பவரோ அங்கே யாரும் புகை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஓடும் காரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் யார்? ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்தான். ஆகவே "அணையுங்கள்" என்று அவர் சொன்னால் அது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, அவருடைய கடமை.

ஆனால் கடமை என்று காகிதத்தில் இருப்பது வேறு. வாயில் வருவது வேறு. சவாரி போய்விடுமோ, கார் முதலாளியிடம் புகார் சொல்லிவிடுவார்களோ, கடைசியில் படிக்காசு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கிறது. இதில் பெரியவர்களுக்கு ஒரு வேலை உண்டு. டிரைவர் சொல்லத் தயங்குவதை, உடன் வரும் நாம் சொல்லலாம். அவர் சொல்லத் துணிந்தால், நாம் அவர் பக்கம் பேசலாம். அந்தச் சீமையில் சொல்லுகிற விதத்தில் சொன்னால் சண்டைக்கும் வழியில்லை:

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. அடுத்த டீக்கடையிலே நிறுத்துறேன். இறங்கி நிதானமாப் பிடிச்சுட்டு வாங்க."

"ஏன் தம்பி, உள்ளே பிடிச்சா என்ன?"

"எனக்கு வீட்டிலே சின்னப் பிள்ளை இருக்கு அண்ணாச்சி. சட்டையிலே இந்த வாடையோடே போய்த் தூக்க வேண்டியிருக்கு."

இதற்கு மேலும் பற்றவைக்கிற அண்ணாச்சி அபூர்வம்.

சட்டம் இரு பக்கமும் வெட்டும் கத்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிகரெட்டோ பீடியோ பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டும் டிரைவருக்கும் இதே தடைதான், இதே அபராதம்தான். அப்போது, "தம்பி, நிறுத்திப் பிடிச்சுட்டு வா, நாங்க காத்திருக்கோம்" என்று அத்தை தாராளமாகச் சொல்லலாம்.

டிரைவர் இல்லாத வாடகைக் கார்

இப்போது நகரங்களில் இன்னொரு வழக்கமும் பரவியிருக்கிறது. காரை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாமே ஓட்டிப் போவது. அதற்கு 1989-லேயே மத்திய சர்க்கார் ஒரு திட்டம் வகுத்தது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, அதுதான் அடையாளம்.

அதில் டிரைவர் இல்லை, நாம்தான் எல்லாம். அங்கேயும் தடை பொருந்துமா? இங்கே சட்டத்தின் வெளிச்சம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது. வண்டி நம் கையில் இருக்கிற நேரத்தில் வெளியார் யாரும் அதில் ஏறுவதில்லை என்று ஒருவர் வாதாடலாம். ஊராருக்கெல்லாம் மாறி மாறி வாடகைக்குப் போகும் வண்டி என்று மற்றவர் எதிர்வாதம் செய்யலாம். ஆனால் வாதம் கோர்ட்டுக்குப் போகுமுன்பே, நாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் குறுக்கே நிற்கும். உள்ளே புகை பிடித்தால் சுத்தம் செய்யும் செலவைத் தலையில் கட்டும் ஷரத்து இத்தகைய ஒப்பந்தங்களில் சாதாரணம். சாவியை வாங்குமுன் அந்தச் சின்ன எழுத்துக்களைப் படித்துப் பாருங்கள்.

அந்த ஷரத்து வெறும் பணம் பிடுங்கும் தந்திரமும் அல்ல. புகை போய்விட்டாலும் அதன் மிச்சம் ஸீட்டுத் துணியிலும் கூரைத் துணியிலும் படிந்து தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள் வாடகைக் கார்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 'புகை பிடிக்கக் கூடாது' என்று ஒதுக்கி வைத்திருந்த கார்களிலும் நிகோடின் படிவு இருந்தது! முன்னாலே போன யாரோ ஒருவர் விட்டுப்போன சொத்து அது. அந்த ஸீட்டில்தான் நம் குழந்தை கையை வைத்து, பிறகு அதே கையை வாயில் வைக்கிறது.

சொந்தக் கார் மட்டும்?

நம் சொந்தக் காரில், நம் சொந்தச் செலவில் பிடித்தால்? 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொந்தக் காருக்குள் நேராகக் கை நீட்டவில்லை. ஆனாலும் 'என் கார், என் கோட்டை' என்ற எண்ணம் ஆட்டம் கண்டுவிட்டது. பீகார் மதுவிலக்கு வழக்கொன்றில், சாலையில் போகும் சொந்தக் காரும் அந்தச் சட்டத்துக்குப் 'பொது இடம்' என்பதிலிருந்து தப்பிவிடாது என்று 2019 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கொரோனாக் காலத்தில், 2021 ஏப்ரலில், தன்னந்தனியாகக் கார் ஓட்டுகிறவரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று டில்லி ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. இவை சிகரெட்டைப் பற்றிய தீர்ப்புகள் அல்ல. காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதைக் காட்டுபவை.

இங்கிலாந்து இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2015 அக்டோபர் 1 முதல் அங்கே பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உட்கார்ந்திருக்கும் மூடிய காரில், அது அப்பாவின் சொந்தக் காராகவே இருந்தாலும், புகை பிடிப்பது குற்றம். கார் யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை. உள்ளே யார் மூச்சு விடுகிறார்கள் என்று கேட்டார்கள்.

பின்னாலே பட்டாசு!

வெம்பக்கோட்டைச் சாலையை மறந்துவிடவில்லை. தீபாவளி நெருங்கினால் வெளியூர்க் குடும்பங்கள் வாடகைக் காரிலும் வேனிலும் சிவகாசிப் பக்கம் வந்து பட்டாசு வாங்கிப் போவது வழக்கமாகிவிட்டது. ரயிலில் பட்டாசு கொண்டுபோவது ரயில்வே சட்டப்படி குற்றம். மூன்று வருஷம் வரை சிறைக்கு வழியுண்டு. காரில் அப்படிப் பெட்டியைத் திறந்து பார்க்க ஆளில்லை என்ற தைரியம். டிக்கியில் பெட்டிகள், இடம் போதாமல் குழந்தையின் காலடியிலும் ஒரு பை.

அந்தக் காரில் ஒருவர் சிகரெட் பற்றவைக்கிறார் என்று வையுங்கள். உறிஞ்சும்போது சிகரெட்டின் நுனியில் சூடு சுமார் 900 டிகிரி செல்சியஸ். ஜன்னலுக்கு வெளியே தட்டிய சாம்பல் பொறி, காற்றில் திரும்பிப் பின் ஜன்னல் வழியாக உள்ளே வரலாம். ஒரு பட்டாசுத் திரிக்கு அந்தப் பொறி போதும். நாலு கதவையும் திறந்து, அத்தையையும் குழந்தையையும் இறக்க எத்தனை விநாடி ஆகும்?

2016 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாள் முன்னால், சிவகாசியில் வேனில் பட்டாசு ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் தீப்பற்றியது. பக்கத்துக் கட்டிடத்தில் இருந்த ஸ்கேன் நிலையத்துக்குள் புகை புகுந்தது. பட்டாசுக்கு எந்த சம்பந்தமும் இல்லாமல் அங்கே இருந்தவர்கள் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அந்த நெருப்புக்குக் காரணம் சிகரெட் என்று இங்கே சொல்ல வரவில்லை. பட்டாசும் பொறியும் சந்தித்தால், தப்புச் செய்தவனை மட்டும் தேடிப் பிடித்து அது தண்டிப்பதில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

பட்டாசு ஏற்றிய வண்டியில் தீக்குச்சியே கூடாது. பட்டாசுக் கடை வாசலிலும் கூடாது. கடையை விட்டு வெகுதூரம் வந்தபின், வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்துபோய்ப் பிடிக்கட்டும். துண்டைக் காலால் நசுக்கி அணைத்துவிட்டு வரட்டும். கரிசல் காட்டில் காய்ந்த புல்லுக்கும் நெருப்பு என்றால் ஆசைதான்.

கிளம்புமுன் ஒரு வார்த்தை

சட்டத்தைக் காட்டி நடுவழியில் சண்டை போடுவதைவிட, ஏறுமுன் சொல்லிவிடுவது நல்லது. கார் பேசும்போதே, "வண்டிக்குள்ளே யாரும் பிடிக்கக் கூடாது" என்று டிரைவரிடமும் வீட்டுப் பெரியவரிடமும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணிக்கு ஒரு முறை நிறுத்துவதாக வாக்குக் கொடுங்கள். பிடிக்கிறவருக்கு இடம் கிடைக்கும். பிடிக்காதவருக்குக் காற்றுக் கிடைக்கும். டிரைவருக்குக் காலை நீட்டி ஒரு டீ குடிக்க நேரம் கிடைக்கும்.

அப்படியும் பெரியப்பா, "வாடகை கொடுத்தது நான்தானே?" என்று கேட்டால், மரியாதையாக இந்தப் பதிலைச் சொல்லுங்கள்: "ஆமாம் பெரியப்பா. ஆனால் நீங்கள் வாடகை கொடுத்தது காருக்கு மட்டும்தான். உள்ளே இருக்கிற காற்று எல்லாருக்கும் பொது!"